அவுட்பாஸ் இல்லாத வலி

அக்கா மகனுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்துவிட்டது. ஹாஸ்டலுக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக ஒரு பட்டியல் வளர்ந்துகொண்டே போகிறது. பக்கெட், மக், பூட்டு இரண்டு (ஒன்றின் சாவி கண்டிப்பாகத் தொலையும் என்பது பெரியப்பாவின் கணிப்பு), எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், கொசுவலை. பாட்டி தன் பங்குக்கு ஒரு டப்பா சுக்குப் பொடி சேர்த்தார். "மாமா, நீங்களும் ஹாஸ்டல்ல இருந்தவர்தானே, ஏதாவது விட்டுப்போச்சான்னு பாருங்க" என்று அவன் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினான்.

"ராத்திரி ரெண்டு மணிக்கு உடம்புக்கு முடியலைன்னா யாரைக் கூப்பிடுவே?" என்று திருப்பிக் கேட்டேன்.

"வார்டனை" என்று பதில் வந்தது, கூடவே ஒரு கட்டைவிரல்.

2012-ல் என்னைக் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

எங்கள் கல்லூரியின் முகவரியில் ஒரு பெரிய ஊரின் பெயர் இருக்கும். கல்லூரி இருந்ததோ அந்த ஊரிலிருந்து 24 கிலோமீட்டர் தள்ளி, நான்குவழிச் சாலையோரம், கருவேலங்காட்டுக்கும் கல்குவாரிக்கும் நடுவில். இரவு 9 மணிக்கு அட்டெண்டன்ஸ், 10 மணிக்கு கேட் பூட்டு. வெளியே போக வேண்டுமென்றால் அவுட்பாஸ். மஞ்சள் சீட்டு, அதில் டியூட்டர் கையெழுத்து, வார்டன் கையெழுத்து, அதற்கும் மேல் வீட்டுக்குப் போன் போட்டு அப்பா குரலைக் கேட்டு உறுதிசெய்வார்கள். சினிமாவுக்குப் போகிறவனைத் தடுக்க வைத்த ஏற்பாடு. சினிமாவுக்குப் போகிறவன் பின்பக்கச் சுவர் ஏறிப் போய்விடுவான் என்பது வேறு கதை.

என் அறைத்தோழனை இங்கே சேகர் என்று வைத்துக்கொள்வோம். இதை எழுதப்போகிறேன் என்று போன வாரம் அவனிடம் சொன்னபோது, "எழுதுடா, என் பேரை மட்டும் போட்டுத் தொலைக்காதே" என்றான். இரண்டாம் ஆண்டு, ஒரு வியாழக்கிழமை. வியாழன் என்றால் மெஸ்ஸில் பரோட்டா. இரவு பத்தரைக்கு வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தான். பரோட்டாதான் காரணம் என்று அறையே ஒருமனதாகத் தீர்ப்பு எழுதியது. ஒருவன் ஜெலுசில் கொடுத்தான், எதிர் அறையிலிருந்து ஓம வாட்டர் வந்தது. பன்னிரண்டு மணிக்கு வாந்தி எடுத்தான். "வெளிய வந்திருச்சுல்ல, இனி சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு எல்லோரும் தூங்கப் போனார்கள். நானும்தான்.

மூன்று மணிவாக்கில் யாரோ முனகுவது போலிருக்க எழுந்தேன். அவன் கட்டிலில் இல்லை, சிமென்ட் தரையில் முழங்காலை மடக்கிக் கிடந்தான். விளக்கைப் போடப் போனேன், வேண்டாம் என்றான். இருட்டிலேயே சொன்னான்: "டேய், வயிறு இல்லடா. கீழ."

நான் சிரித்தேன். அதை மறைக்காமல் எழுதிவிட வேண்டும் என்றுதான் இத்தனை வருடம் கழித்து உட்கார்ந்திருக்கிறேன். பத்தொன்பது வயதுப் பையன்கள் நிறைந்த கட்டடத்தில் அந்த இடத்தில் வலி என்று ஒருவன் சொன்னால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நாலரை மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவன், கடைசியில் சொன்னதும் நடந்தது அதுவே.

அவனுக்கு நேர்ந்ததற்கு எளிய தமிழில் விதை முறுக்கிக்கொள்வது என்று சொல்லலாம். விதையைத் தாங்கும் நரம்புக்கொடி தன்னைத்தானே முறுக்கிக்கொள்ள, அதனுள் போகும் இரத்தக்குழாய் நெரிபட்டு விதைக்கு இரத்தம் போவது நின்றுவிடுகிறது. பதின்வயதில் அதிகம் வரும், இருபதுகளிலும் வரும். அடிபட வேண்டும் என்றுகூட இல்லை, தூக்கத்திலேயே வரும். திடீரென்று வலி, கூடவே குமட்டல், வாந்தி. பலருக்கு அடிவயிற்றிலும் வலி தெரியும், அதனால்தான் பரோட்டா மேல் பழி விழுகிறது. ஆறு மணி நேரத்துக்குள் அறுவைசிகிச்சை செய்து முறுக்கைப் பிரித்துவிட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். அதற்கப்புறம் ஒவ்வொரு மணியும் கணக்கு. ஒரு முழு நாள் தாண்டினால் பெரும்பாலும் எடுத்துவிட வேண்டியதுதான். இது எதுவும் எங்களில் ஒருவனுக்கும் தெரியாது. பிளஸ் டூவில் பயாலஜி எடுத்துப் படித்துவிட்டு வந்தவர்கள் நான்கு பேர் அந்த அறையில் இருந்தோம்.

சரி, வார்டனுக்குப் போன் போட்டோம். அணைத்துவைக்கப்பட்டிருந்தது. அடுத்த பிளாக் வரை ஓடிக் கதவைத் தட்டினேன். 3:40-க்கு வெளியே வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "குடிச்சிருக்கீங்களா?" என் வாயை முகர்ந்தும் பார்த்தார். பிறகு அறைக்கு வந்து சேகரைப் பார்த்தார். அவன் அவரிடமும் வயிற்று வலி என்றுதான் சொன்னான். அவன் வீட்டுக்குப் போன் போடச் சொன்னார். பரமக்குடிப் பக்கம் ஒரு கிராமம், யாரும் எடுக்கவில்லை. கல்லூரிக்கென்று ஓர் ஆம்புலன்ஸ் உண்டு, அட்மிஷன் கையேட்டில் அதன் படமே உண்டு. அதை ஓட்டுகிறவர் மாலை ஆறு மணிக்குச் சாவியோடு வீட்டுக்குப் போய்விடுவார் என்பது அன்று இரவுதான் எங்களுக்குத் தெரிந்தது. "விடியட்டும், டிஸ்பென்சரி எட்டு மணிக்குத் திறந்துடும்" என்றார் வார்டன்.

அவரை வில்லனாக்க எனக்கு மனமில்லை. மெக்கானிக்கல் துறையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்த ஆசிரியர், இலவச அறையும் சாப்பாடும் கிடைக்கிறதே என்று வார்டன் பொறுப்பை ஏற்றவர். ஒரு மாணவன் இரவில் வெளியே போய் ஏதாவது ஆகிவிட்டால் "யார் அனுமதித்தது?" என்ற கேள்வி அவர் தலையில்தான் விழும். உள்ளேயே இருந்து ஏதாவது ஆனால் அந்தக் கேள்வியே எழாது. அவுட்பாஸ் என்ற காகிதமே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காக அச்சடித்தது. அந்தப் பையனுக்கு என்ன செய்கிறது என்ற கேள்விக்கு அதில் கட்டமே கிடையாது.

மாடியிலிருந்து சத்தம் கேட்டு இறங்கி வந்த மூன்றாம் ஆண்டு அண்ணன் ஒருவர், யாரிடமும் எதுவும் கேட்காமல் 108-ஐ அழைத்தார். "தம்பி, அதுக்கு காலேஜ் பர்மிஷன்..." என்று வார்டன் தொடங்கியதை அவர் காதில் வாங்கவே இல்லை.

தமிழ்நாட்டில் 108 வந்தது 2008 செப்டம்பரில். நாங்கள் கல்லூரியில் சேர்வதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்த வண்டி. காசு கிடையாது, யாருடைய கையெழுத்தும் வேண்டாம். ஆனாலும் நெடுஞ்சாலையில் விபத்தானால் மட்டும் வருவது என்றே எங்கள் மனதில் பதிந்திருந்தது. உள்ளே ஹாஸ்டல் அறைக்கும் அது வரும் என்று அன்றுவரை தோன்றவில்லை. அந்த அழைப்பிலும் ஒரு தடுமாற்றம். எடுத்தவுடன் மாவட்டம் எது, தாலுகா எது, பக்கத்தில் என்ன அடையாளம் என்று கேட்டார்கள். கல்லூரியின் பெயரைச் சொன்னால் போதும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். கல்லூரியின் பெயரில் இருக்கிற ஊர் ஒரு மாவட்டம், கல்லூரி இருக்கிற பஞ்சாயத்து பக்கத்து மாவட்டம்! இரண்டு வருடமாக நாங்கள் சாப்பிட்டுத் தூங்கிய இடம் எந்த ஊர் என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் கல்குவாரியின் பெயரைச் சொல்லித்தான் வழி புரிந்தது.

இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகியிருக்கும். கேட்டில் வாட்ச்மேன் தாத்தா நோட்டைத் தேடிக்கொண்டிருக்க, 108-ஐ ஓட்டி வந்தவர் (அவர்களைப் பைலட் என்றுதான் அழைக்கிறார்கள், பொருத்தமான பெயர்) சைரனை ஒரு முறை அழுத்தினார். கேட் திறந்துகொண்டது. என் கல்லூரி வாழ்க்கையில் அவுட்பாஸ் இல்லாமல் அந்த கேட் இரவில் திறந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "ஒரு ஆளை டார்ச்சோட ரோட்டுக்கு அனுப்பியிருந்தா அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்திருப்பேனே தம்பி" என்றார். இந்த ஒரு வரியை ஹாஸ்டல் அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்கலாம்.

வண்டியில் இருந்த மருத்துவ உதவியாளர் சேகரிடம் எங்கே வலி என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். நான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஓட்டுநர் பக்கம் திரும்பி, "ஜி.ஹெச். வேணாம்ணே, நேரா மெடிக்கல் காலேஜ் போயிடலாம்" என்றார்.

கேஷுவாலிட்டியில் இருந்த டாக்டர் எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார். தொட்டுப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?" பத்தரை என்றதும் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். மணி 5:20. அவர் எதுவும் சொல்லவில்லை. எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. பெற்றோர் கையெழுத்து வேண்டுமே என்று நான் தயங்க, "உனக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சுல்ல? நீயே போடு" என்று பேனாவைச் சேகர் கையில் கொடுத்தார். ஆறரைக்கு அறுவைசிகிச்சை தொடங்கியது. முறுக்கைப் பிரித்து, வெந்நீர்த் துணி சுற்றிவைத்துப் பார்த்தார்களாம். நிறம் திரும்பவில்லை. ஒன்றை எடுத்துவிட்டு, மற்றது முறுக்கிக்கொள்ளாமல் இருக்கத் தையல் போட்டு அனுப்பினார்கள்.

சேகருக்கு இப்போது இரண்டு குழந்தைகள். ஒன்றே போதும் என்று அவன் அடிக்கிற ஜோக்குகளை இங்கே எழுத முடியாது. ஆனால் அந்த எட்டு மணி நேரத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால், 108 வருவதற்கும் போவதற்கும் ஆனது ஒரு மணிக்குச் சற்று மேல். மிச்சம் முழுக்க வெட்கமும் அனுமதியும் தின்றது.

இது நடந்து சில வருடம் கழித்து, இன்னொரு வேலையாக எதையோ தேடப்போய் ஒரு தீர்ப்பைப் பற்றிப் படித்தேன். பரமானந்த் கட்டாரா வழக்கு, 1989, உச்ச நீதிமன்றம். உயிருக்குப் போராடுகிறவருக்கு அரசு மருத்துவரானாலும் தனியார் மருத்துவரானாலும் முதலில் சிகிச்சை தர வேண்டும், போலீஸ் சம்பிரதாயமெல்லாம் பிறகு என்று சொன்ன தீர்ப்பு. நான் பிறப்பதற்கு முன்பே வந்தது. டாக்டர்களே காகிதத்துக்காகக் காத்திருக்கக் கூடாது என்று சொல்லியாகிவிட்ட நாட்டில், நாங்கள் ஒரு மஞ்சள் சீட்டுக்காகக் காத்திருந்திருக்கிறோம்.

அக்கா மகனுக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை, டிசம்பரில்தான் ஆகிறது. முதலாண்டில் சேர்கிற பிள்ளைகள் நிறையப் பேர் இப்படித்தான். அதுவரை சம்மதக் கையெழுத்து அப்பா அம்மாவுடையது. ஆனால் காத்திருக்க நேரமில்லாத நிலையில் நல்லெண்ணத்தோடு டாக்டர் செய்கிற சிகிச்சைக்குச் சம்மதம் இல்லாவிட்டாலும் சட்டம் பாதுகாப்பு தருகிறது. ஆகவே "அப்பா வரட்டும்" என்று கேட்டுக்கு உள்ளே உட்கார்ந்திருக்க எந்தக் காரணமும் இல்லை. அப்பா நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துகொள்ளட்டும்.

டெங்குவைப் பற்றியும் அவனிடம் சொல்ல வேண்டும். ஹாஸ்டலில் காய்ச்சல் என்றால் சிக் டயட் என்று எழுதிக் கொடுத்து ரசம் சாதமும் கஞ்சியும் வாங்கிக்கொண்டு படுப்பது வழக்கம். மூன்றாம் நாள் நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியதும் "தேறிட்டான்" என்று எல்லோரும் வகுப்புக்குப் போய்விடுவார்கள். டெங்குவில் ஆபத்தான கட்டம் தொடங்குவதே பெரும்பாலும் காய்ச்சல் இறங்குகிற அந்த நேரத்தில்தான். விடாத வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம், எழுந்தால் தலைசுற்றல், சிறுநீர் குறைவது, அளவுக்கு மீறிய அசதி, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. வலிக்கு ஐபுபுரூஃபனோ ஆஸ்பிரினோ போடக் கூடாது, இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். பாராசிட்டமால் மட்டும், அதுவும் அளவோடு. எங்கள் பிளாக்கில் ஒருவன் காய்ச்சல் இறங்கிய மறுநாள் குளியலறையில் மயங்கி விழுந்தான். பிழைத்துக்கொண்டான். பப்பாளி இலைச் சாறு குடித்ததால்தான் பிழைத்தான் என்று அவன் அம்மா சொல்வார். ஐ.சி.யு.வில் நான்கு நாள் ஏறிய குளுக்கோஸுக்குப் பாவம் பெயரே இல்லை.

பைக் விபத்து என்றால் இரண்டு பேருக்கு நடுவில் அடிபட்டவனை உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு போவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். முதுகெலும்பிலோ கழுத்திலோ அடி என்றால் அதைவிடக் கெடுதல் வேறில்லை. இதற்கும் 108-தான். செலவுக்குப் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கியவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் குறிப்பிட்ட தொகைவரை அரசே செலவை ஏற்கிறது. கொண்டுபோய்ச் சேர்த்தால் கேஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் என்ற பயத்துக்கு 2016-லேயே உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் அதைச் சேர்த்துவிட்டார்கள். பெயரைச் சொல்லாமலேகூடத் திரும்பி வந்துவிடலாம்.

பெண்கள் ஹாஸ்டல் கதை எனக்கு நேரில் தெரியாது. என்னுடன் வேலை பார்க்கும் தோழி ஒருவர் சொன்னதைக் கேட்டபோது, எங்கள் வார்டன் பரவாயில்லை என்று தோன்றியது. மாதவிடாய் வலியில் மயங்கி விழுந்த பெண்ணை வெளியே கூட்டிப்போக, கேட்டில் இருந்த ஆணிடம் காரணத்தை உரக்கச் சொல்ல வேண்டியிருந்ததாம். வலிக்கே இப்படி என்றால், ஒருவன் கை வைத்துவிட்டான் என்று சொல்ல வேண்டியவளின் நிலை என்ன? "அந்த நேரத்துல அங்க உனக்கென்ன வேலை?" என்ற கேள்விதான் எங்கும் முதலில் வருகிறது. எங்கள் வார்டன் என் வாயை முகர்ந்ததற்கு ஒன்றுவிட்ட சகோதரி அந்தக் கேள்வி.

2024 டிசம்பர் 23 இரவு அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அவர் தயங்காமல் மறுநாளே புகார் கொடுத்தார். புகார் கொடுத்தவரின் விவரங்களோடு முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட புலனாய்வுக் குழுவை அமைத்தது, அந்தக் கசிவுக்காக மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. 2025 ஜூனில் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை, 30 ஆண்டுகளுக்குக் குறையாமல். தண்டனை வந்ததும் சரி, ஆனால் அந்த விவரங்கள் ஊரெல்லாம் சுற்றியதைப் பார்த்த மற்ற மாணவிகள் எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள் என்பதை எந்தத் தீர்ப்பும் எண்ணிச் சொல்ல முடியாது. இதற்கும் அனுமதி வேண்டியதில்லை என்பது பலருக்குத் தெரியவில்லை. வன்கொடுமைக்கு ஆளானவர் முதலில் ஆஸ்பத்திரிக்கே போகலாம், எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டு வா என்று திருப்பி அனுப்பக் கூடாது. அரசானாலும் தனியாரானாலும் உடனே, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம். புகாரும் எந்தக் காவல் நிலையத்தில் வேண்டுமானாலும் கொடுக்கலாம், எங்கள் எல்லை இல்லை என்று கைவிரிக்க முடியாது. 181 பெண்களுக்கான உதவி எண். போலீஸ் உடனே வேண்டுமென்றால் 112.

ராகிங்குக்கு 1800-180-5522. தமிழ்நாட்டில் 1996-ல் நாவரசு என்ற மருத்துவ மாணவர் ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகு, 1997-லேயே ராகிங் தடைச் சட்டம் வந்துவிட்டது. அந்தத் தேசிய எண் வந்ததோ 2009-ல், இமாசலத்தில் அமன் கச்ரு என்ற மருத்துவ மாணவர் ராகிங்கில் இறந்த பிறகு. இரண்டு பிள்ளைகளின் பெயர் சொன்னால்தான் ஓர் எண்ணுக்கு வரலாறு சொல்ல முடிகிறது.

இன்னொன்று இருக்கிறது, இதைப் பட்டியலில் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அரியர் விழுந்த வாரம், அறையை உள்பக்கம் தாழிட்டுக்கொண்டு போன் எடுக்காத நண்பன். எங்கள் பிளாக்கில் அப்படி ஒரு மாலை வந்தது. கதவைத் தட்டிக்கொண்டே இருந்தோம், கடைசியில் திறந்தான். நாங்கள் அறிவுரை ஏதும் சொல்லவில்லை, சொல்லத் தெரியவும் இல்லை. இரவெல்லாம் அவனைத் தனியாக விடாமல் கேரம் விளையாடினோம். இன்று என்றால் 14416 என்று சொல்வேன். டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022-ல் வந்தது, எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு இல்லை. சென்னையில் 1986 முதல் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு இருக்கிறது, 044-24640050. ஏதாவது செய்துகொண்டுவிட்டவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனால் போலீஸ் கேஸ் ஆகி அவன் வாழ்க்கை பாழாகிவிடும் என்று நண்பர்களே தயங்குவதைக் கேட்டிருக்கிறேன். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் சட்டத்தில் தற்கொலை முயற்சிக்கென்று முன்பு இருந்த தண்டனைப் பிரிவு இல்லை. கேஷுவாலிட்டியில் ஏ.ஆர். (ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்) என்ட்ரி போடுவார்கள், போடட்டும். அது பதிவு, தண்டனை அல்ல.

போன ஞாயிறு அக்கா மகனை ஹாஸ்டலில் விடப் போனோம். அக்கா அறையைக் கூட்டினாள், மாமா மின்விசிறியின் வேகத்தைச் சோதித்தார். நான் அவனை அழைத்துக்கொண்டு கேட்டுக்குப் போனேன். வழியில் அந்தப் பஞ்சாயத்தின் பெயரையும் தாலுகாவையும் படித்துக் காட்டச் சொன்னேன், அரசுப் பலகை ஒன்றில் இருந்தது. சேகர் கதையையும் முழுதாகச் சொன்னேன். பையன் காது சிவந்துபோனான். நானும் கொஞ்சம் சிவந்திருப்பேன், எங்கள் வீட்டில் இதையெல்லாம் யாரும் யாரிடமும் பேசியதில்லை.

கேட்டுக்குப் பக்கத்தில் புத்தம்புதிதாக ஓர் ஆம்புலன்ஸ் நின்றது, கல்லூரிப் பெயர் நீல எழுத்தில். வாட்ச்மேனுக்கு அறுபது வயதிருக்கும்.

"அண்ணே, ராத்திரி இந்த வண்டிச் சாவி யார்கிட்ட இருக்கும்?"

"என்கிட்டதான் சார் இருக்கும்" என்றார் பெருமையாக. இடுப்புச் சாவிக்கொத்தை எடுத்துக் காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது" என்றார்.

அக்கா மகன் அவருடைய போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டான். என்ன பெயரில் சேமிக்கிறான் என்று எட்டிப் பார்த்தேன். 'கேட்' என்று போட்டிருந்தான்.